சிங்கம் தின்றது போக

சஃபாரி போகிறோம் என்று சொன்னவுடன் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "மசாய் மாராவா?" இல்லை, சாவோ என்றால் முகம் கொஞ்சம் வாடும். மாராவில் மந்தை மந்தையாக விலங்குகள் ஆற்றைக் கடக்கும், எல்லாரும் யூடியூப்பில் பார்த்திருப்பார்கள். சாவோவில் என்ன இருக்கிறது? ஆள் தின்னிச் சிங்கக் கதை ஒன்று இருக்கிறது. 1996இல் அதை ஹாலிவுட் படமாகவும் எடுத்தார்கள். அவ்வளவுதான்.

நான் சாவோவைக் கேட்டதற்குக் காரணம் சிங்கம் இல்லை. நைரோபியிலிருந்து சாவோவுக்குப் போகும் நெடுஞ்சாலை, 1896க்கும் 1901க்கும் இடையில் போடப்பட்ட உகாண்டா ரயில்பாதையைப் பெரும்பாலும் ஒட்டியே போகிறது. நான் ரயில்வே சிக்னல் வேலையில் இருப்பவன். என் தாத்தா கிம்மாஸில் தண்டவாள கேங்கில் வேலை செய்தவர். போரின்போது ஜப்பான்காரன் கிழக்குக்கரைப் பாதையின் ஒரு பகுதியைப் பிடுங்கி சயாமுக்குக் கொண்டுபோனான் இல்லையா, அதைத் திரும்பவும் போட்ட கூட்டத்தில் அவரும் ஒருவர். சிலீப்பர் கட்டை தூக்கித் தூக்கி வலது தோள் இறங்கிப்போயிருக்கும். சாகும்வரை சட்டை அந்தப் பக்கம் சரிந்தே நிற்கும்.

கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்த மூன்று பேர் கிளம்பினோம். ஈப்போக்காரன், ஜொகூர்க்காரன், நான். பயண நிறுவனம் அனுப்பிய திட்டத்தில் வழியில் இரண்டு நிறுத்தங்கள்தான் இருந்தன. ஒன்று சாப்பாட்டுக்கு, இன்னொன்று 'ஆள் தின்னிப் பாலத்தில்' படம் எடுக்க. மீதியை நான் சேர்த்தேன். எங்கள் ஓட்டுநர் ஐம்பது வயதைத் தாண்டியவர், கம்பா இனத்தவர். பட்டியலைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சிங்கம் பார்க்க வந்தீங்களா, ஸ்டேஷன் பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டார்.

வண்டிக்கு ஸ்வாஹிலியில் 'காரி' என்று பெயர். அதைக் கேட்டதும் ஈப்போக்காரன் சிரித்துவிட்டான். நாமும் காடி என்றுதானே சொல்கிறோம். இந்தியிலிருந்து போன சொல். ரயிலுக்கு 'காரி லா மோஷி', புகை வண்டி. சஃபாரி என்ற சொல்லும் விலங்கு பார்ப்பது இல்லை. அரபு மொழியின் சஃபரிலிருந்து வந்தது, வெறும் பயணம் என்றுதான் அர்த்தம். பக்கத்து ஊருக்குப் பேருந்தில் போனாலும் ஸ்வாஹிலியில் அது சஃபாரிதான். உருதுவிலும் பஞ்சாபியிலும் சஃபர் உண்டு. அதனால் 1896இல் கராச்சியில் கப்பல் ஏறி மொம்பாசாவில் இறங்கிய பஞ்சாபித் தொழிலாளிக்கு, இந்த நாட்டின் மொழியில் முதலில் புரிந்த சொற்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நிறுத்தம் நைரோபியிலேயே. ரயில்வே அருங்காட்சியகம், 1971இல் திறந்தது. பழைய நீராவி என்ஜின்கள் வெயிலில் நிற்கின்றன, ஏறிப் பார்க்கலாம். எல்லாரும் தேடிப் போவது ஒரு பயணப் பெட்டியைத்தான். 1900ஆம் ஆண்டு ஜூன் மாதம், சார்ல்ஸ் ரயால் என்ற போலீஸ் அதிகாரி ஆள் தின்னிச் சிங்கம் ஒன்றைச் சுடுவதற்காக கீமா நிலையத்தில் இந்தப் பெட்டியை நிறுத்திக் காத்திருந்தார். கூட இன்னும் இரண்டு ஐரோப்பியர்கள். ராத்திரி ரயாலின் காவல் முறை. அவர் தூங்கிவிட்டார். சிங்கம் பெட்டிக்குள்ளேயே ஏறி வந்து, அவரைக் கவ்விக்கொண்டு ஜன்னல் வழியாகப் போய்விட்டது. ரயாலுக்கு நைரோபியில் கல்லறை இருக்கிறது. பெட்டிக்கு அருங்காட்சியகத்தில் இடம் இருக்கிறது. கதைக்கு எல்லாப் பயணக் கையேட்டிலும் ஒரு பத்தி இருக்கிறது. ஒரே ஒரு ஆள் இறந்ததற்கு இவ்வளவும் கிடைத்திருக்கிறது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஒரு ஆள் இறந்தால் இவ்வளவும் கிடைக்கத்தான் வேண்டும்.

நகரத்தை விட்டு வெளியே வரும்போது சியோகிமாவ். 2017இல் திறந்த புதிய சீன ரயில்பாதையின் நைரோபி முனையம் இங்கேதான் இருக்கிறது. சியோகிமாவ் ஊர்ப் பெயராவதற்கு முன்னால் ஒரு பெண்ணின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கம்பா தீர்க்கதரிசி. ஒரு நீரிலிருந்து இன்னொரு நீர்வரைக்கும் நீண்ட பாம்பு ஒன்று வரும், சட்டைப்பைக்குள் நெருப்பு வைத்திருக்கும் வேறு நிறத்து ஆட்கள் வருவார்கள் என்று அவள் சொன்னதாகக் கதை. பாம்பு ரயில், நெருப்பு தீப்பெட்டி. ஓட்டுநர் இதைச் சொல்லும்போது அவர் குரலில் கிண்டலும் இல்லை, பக்தியும் இல்லை. "இப்ப ரெண்டாவது பாம்பு வந்திருக்கு. அதைப் பத்தி யாரும் முன்கூட்டியே சொல்லலை" என்றார்.

அந்த இரண்டாவது பாம்பைக் கட்டிய நிறுவனமும் நம்முடைய கிழக்குக்கரை ரயில் திட்டத்தைக் கட்டும் நிறுவனமும் ஒரே சீனக் குழுமத்தைச் சேர்ந்தவை. அதன் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். பழைய உகாண்டா பாதை மீட்டர் கேஜ், 1,000 மில்லிமீட்டர். இந்தியாவிலிருந்து என்ஜினும் பெட்டியும் தண்டவாளம் போடத் தெரிந்த ஆட்களும் சேர்ந்து வரவேண்டும் என்பதால், இந்தியாவில் அப்போது பரவியிருந்த அகலத்தையே எடுத்துக்கொண்டார்கள். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் ஓடிய நம் முதல் ரயிலும் மீட்டர் கேஜ்தான். நம் கேடிஎம் பாதை இன்றைக்கும் அப்படித்தான். தாத்தா கையில் வைத்திருந்த அளவுகோலை இங்கே கொண்டுவந்து வைத்திருந்தால் மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தியிருக்கும்.

கீமாவில் இறங்கவில்லை. சாலையிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்வாஹிலியில் கீமா என்றால் கொத்துக்கறி, அதனால்தான் ரயாலுக்குப் பிறகு அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். சம்பவம் நடக்கும்போதே நிலையத்துக்கு அந்தப் பெயர்தான் என்பதால் எனக்கு நம்பிக்கை இல்லை. ஜொகூர்க்காரனுக்கு மட்டும் பசி எடுத்துவிட்டது. அடுத்து சுல்தான் ஹமுத், ஜான்ஜிபார் சுல்தானின் பெயர் வைத்த ஊர். லோரிகள், டயர் கடைகள், தக்காளி விற்கும் பெண்கள். பெயர் பலகையைப் பார்த்துக்கொண்டே கடந்தோம்.

மகிண்டுவில் நின்றோம். இந்தப் பயணத்தில் நான் அதிக நேரம் இருக்க விரும்பிய இடம் இதுதான், சஃபாரியையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நைரோபியிலிருந்து 160 கிலோமீட்டருக்கு மேல் வந்தபிறகு சாலையோரத்திலேயே ஒரு சீக்கிய குருத்வாரா. 1926இல் கட்டியது. ரயில்பாதை போட்ட காலத்தில் மகிண்டு ஒரு முக்கியமான முகாம். வேலை முடிந்த சாயங்காலங்களில் தொழிலாளிகள் இங்கே கூடிக் கும்பிட்டிருக்கிறார்கள். அதன் தொடர்ச்சிதான் இந்தக் கோயில். சாலையில் போகிற யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து சாப்பிடலாம், காசு வாங்க மாட்டார்கள். ராத்திரி தங்கவும் அறை உண்டு. தலையை மறைக்கத் துணி கொடுத்தார்கள். மூன்று பேரும் ஆரஞ்சுத் துணி கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் நடந்தோம்.

பருப்பு, சோறு, ரொட்டி, கொஞ்சம் காய்கறி, பால் ஊற்றிக் கொதிக்கவைத்த தேநீர். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவர் கம்பாப் பெண். பக்கத்து மேசையில் லோரி ஓட்டுநர்கள், ஒரு பள்ளிக்கூடப் பேருந்துப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். எங்கள் ஓட்டுநருக்கு அங்கே இருந்தவர்களைத் தெரிந்திருந்தது. நேராகப் போய்த் தட்டு எடுத்துக்கொண்டார். கென்யாவில் சப்பாத்தி யாருக்கும் இந்தியச் சாப்பாடு இல்லை. அவர் சின்னப் பையனாக இருந்தபோது கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் அம்மா சப்பாத்தி போடுவாராம். "அது எங்க சாப்பாடு" என்றார். ரொட்டி சானாயை யாராவது வெளிநாட்டுச் சாப்பாடு என்று சொன்னால் நாம் விட்டுவிடுவோமா?

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் நண்பர்களுக்குக் கணக்கைச் சொன்னேன். உகாண்டா ரயில்பாதைக்காக இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் மொத்தம் 31,983 பேர். பெரும்பாலோர் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள், முஸ்லிம்களும் சீக்கியர்களும் இந்துக்களும். நம்ம ஆட்கள் அங்கே பெரும் எண்ணிக்கையில் போகவில்லை, அப்போது நம்மைக் கொண்டுபோன கப்பல்களெல்லாம் பினாங்குக்கும் கொழும்புக்கும் நேட்டாலுக்கும் போய்க்கொண்டிருந்தன. 31,983 பேரில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் 16,312. உடம்பு கெட்டு வேலைக்கு ஆகாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 6,454. இங்கேயே தங்கியவர்கள் 6,724. இறந்தவர்கள் 2,493. கூட்டிப் பார்த்தால் ஒன்றுகூட விடுபடாமல் சரியாக வரும். நான் கூட்டிப் பார்த்தேன். மனிதர்களைப் பற்றிய பதிவேடு அவ்வளவு சுத்தமாக இருப்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வயிற்றைப் பிசையும்.

பாதையின் நீளம் 582 மைல், சுமார் 937 கிலோமீட்டர். மைலுக்கு நான்கு சாவு என்று வழக்கமாகச் சொல்வார்கள். எங்கள் காடி 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் நிமிடத்துக்கு மூன்றரை பேர். சராசரிக் கணக்குத்தான் இது, அர்த்தமில்லாதது என்று எனக்கே தெரியும். இறந்தவர்கள் சமமான இடைவெளியில் விழுந்து கிடக்கவில்லை. ஆனாலும் மகிண்டுவிலிருந்து கிளம்பிய பிறகு ஸ்பீடோமீட்டரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எதனால் இறந்தார்கள்? மலேரியா, வயிற்றுப்போக்கு, கால் புண். மண்ணுளிப் பூச்சி ஒன்று கால் விரலுக்குள் புகுந்து முட்டையிடும், புண் அழுகி நடக்க முடியாமல் போகும். கடற்கரையிலிருந்து உள்ளே ஏறியதும் தாரு என்ற வறண்ட முட்காடு வருகிறது. தண்ணீரையே ரயிலில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். தண்ணி வண்டி தாமதமானால் வேலையாட்கள் என்ன குடித்திருப்பார்கள் என்பதை யோசித்துக்கொள்ளலாம். அதே ஆண்டுகளில் மாட்டுக் கொள்ளைநோய் வந்து கிழக்கு ஆப்பிரிக்காவின் மாடுகளையும் காட்டு எருமைகளையும் அழித்தது. பின்னாலேயே பஞ்சம், அம்மை. இதுதான் பாதை போடப்பட்ட நாடு.

முடிட்டோ அந்தேய் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் சாவோ தேசியப் பூங்கா. 1948இல் அறிவித்தார்கள். கிழக்கும் மேற்கும் சேர்த்து சுமார் 22,000 சதுர கிலோமீட்டர், பேராக்கைவிடக் கொஞ்சம் பெரியது. பூங்கா வந்தபிறகு இங்கே பரம்பரையாக யானை வேட்டையாடி வாழ்ந்த வாத்தா மக்கள் சட்டப்படி திருடர்கள் ஆனார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

சாவோ ஆற்றுப் பாலத்தை அடைந்தபோது மணி இரண்டு. நிழலே இல்லை. ஆறு சின்னது, கரையில் பனை மரங்கள். பழைய ரயில் பாலம் ஒரு பக்கம். அதற்குப் பக்கத்தில் உயரமான தூண்களின் மேல் சீனப் பாதை. யானைகள் அடியில் போகட்டும் என்று பூங்காவுக்குள் பல இடங்களில் அதை மண்மேட்டிலும் பாலத்திலும் தூக்கியே கட்டியிருக்கிறார்கள். 1898 மார்ச்சில் ஜான் ஹென்றி பேட்டர்சன் என்ற அதிகாரி இங்கே நிரந்தரப் பாலம் கட்ட வந்தார். மொம்பாசாவிலிருந்து 132 மைல். அவர் வந்த கொஞ்ச நாளிலேயே இரண்டு சிங்கங்கள் கூடாரங்களிலிருந்து ஆட்களை இழுத்துக்கொண்டுபோக ஆரம்பித்தன. உங்கன் சிங் என்ற ஜமேதாரை, பலசாலி, பல பேர் படுத்திருந்த கூடாரத்திலிருந்து கழுத்தைக் கவ்வி இழுத்துப்போனது. ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் தண்ணீர் சுமந்த ஒரு பிஷ்தியும் போனார். தொழிலாளிகள் மரத்தின் மேலும் தண்ணீர்த் தொட்டியின் மேலும் கட்டில் கட்டிப் படுத்தார்கள். கூடாரத்துக்குள் குழி தோண்டி, அதற்குள் படுத்து, மேலே கட்டைகளை அடுக்கிக்கொண்டார்கள். டிசம்பர் 9ஆம் தேதி முதல் சிங்கமும் 29ஆம் தேதி இரண்டாவதும் சுடப்பட்டன.

பேட்டர்சன் 1907இல் இதைப் புத்தகமாக எழுதினார். நன்றாகவே எழுதத் தெரிந்தவர், ஒரே மூச்சில் படிக்கலாம். சிங்கத் தோல்களைப் பல ஆண்டுகள் வீட்டில் தரைவிரிப்பாக வைத்திருந்துவிட்டு, 1924இல் 5,000 டாலருக்கு சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்கு விற்றார். இன்றும் அங்கே நிற்கின்றன.

அந்தப் புத்தகத்தை நான் இரண்டு தடவை படித்திருக்கிறேன். முதல் தடவை சிங்கத்துக்காக, இரண்டாவது தடவை சிங்கம் வராத பக்கங்களுக்காக. சாவோவுக்கு வந்த கல்தச்சர்களில் பலர் உண்மையில் கல்தச்சர்களே இல்லை என்று பேட்டர்சன் ஓரிடத்தில் கோபப்படுகிறார். சாதாரணக் கூலிக்கு மாதம் 12 ரூபாய், கல்தச்சருக்கு 45 ரூபாய். அதனால் பொய் சொல்லிச் சேர்ந்திருக்கிறார்கள். அவர் கூலியை வேலைக்கு ஏற்ற கணக்காக மாற்றினார். செப்டம்பர் மாதம் கல்குவாரியில் அவரைக் கொல்லக்கூடத் திட்டம் போட்டார்கள். அவர் முன்கூட்டியே தெரிந்துகொண்டு, நேரில் பேசித் தப்பித்து, முன்னால் நின்றவர்களைக் கைது செய்ய வைத்தார். கொலைத் திட்டத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 12க்கும் 45க்கும் நடுவில் உள்ள 33 ரூபாய்க்காகப் பொய் சொன்ன ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும்போல் இருக்கிறது. தோட்டத்துக் கதைகளில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம் அவனை.

அப்புறம் டிசம்பர் 1. தொழிலாளிகள் கூட்டமாக வந்து, ஒப்பந்தத்தில் சிங்கத்துக்கு இரையாவது சேர்த்தி இல்லை, இனி வேலை செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டு, வந்த ரயிலின் முன்னால் தண்டவாளத்தில் விழுந்து அதை நிறுத்தினார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஏறிக்கொண்டு மொம்பாசா பக்கம் போய்விட்டார்கள். மூன்று வாரம் பாலம் அப்படியே நின்றது. பேட்டர்சன் இதைப் பயந்தவர்களின் ஓட்டமாக எழுதுகிறார். எனக்கு அது வேலைநிறுத்தம். தாங்கள் போட்ட தண்டவாளத்தில் தாங்களே படுத்து ரயிலை நிறுத்துவதற்கு வேறு என்ன பெயர்?

சிங்கங்கள் செத்த பிறகு, 1899 ஜனவரி கடைசியில், தொழிலாளிகள் சேர்ந்து பேட்டர்சனுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் பரிசளித்தார்கள். ரோஷன் என்ற மேஸ்திரி இந்துஸ்தானியில் அவரைப் புகழ்ந்து நீண்ட கவிதை எழுதினார். அதன் ஆங்கில வடிவத்தைப் பேட்டர்சன் புத்தகத்தின் பின்னிணைப்பில் சேர்த்திருக்கிறார். நாம் துரைக்கு எழுதிப் படித்த வாழ்த்துப்பாக்களின் பங்காளி அது. சாவோவில் வேலை செய்த ஒரு தொழிலாளியின் குரல் நேரடியாகக் கேட்கும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான், அதுவும் சாகிப் புகழ். ஆனாலும் ரோஷன் தன் தகப்பன் பெயரையும் ஊர்ப் பெயரையும் மறக்காமல் எழுதி வைத்தார். கெட்டிக்காரர்.

சிங்கங்கள் எத்தனை பேரைத் தின்றன? பேட்டர்சன் முதலில் 28 இந்தியத் தொழிலாளிகள் என்று எழுதினார். பிறகு வேறொரு இடத்தில் மொத்தம் 135 என்றார். 2009இல் ஆய்வாளர்கள் சிகாகோ சிங்கங்களின் எலும்பையும் முடியையும் வேதியியல் முறையில் சோதித்து, அவை சாப்பிட்டது ஏறக்குறைய 35 பேர் என்று மதிப்பிட்டார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும் 2,493க்குப் பக்கத்தில் அது எவ்வளவு? பேட்டர்சனின் 28ஐ எடுத்தால் நூற்றுக்கு ஒன்று. மீதித் தொண்ணூற்றொன்பதுக்குப் படம் இல்லை, பலகை இல்லை. கொசுவை நடிக்க வைத்து யாரும் படம் எடுக்க மாட்டார்கள். ஹாலிவுட் படத்தில் ஓம் பூரி நடித்த தொழிலாளர் தலைவர் பாத்திரம் ஒன்று உண்டு, வெள்ளைக்காரனோடு முறைத்துக்கொள்ளும் பாத்திரம். பார்க்கும்போது சந்தோஷமாக இருக்கும். சிங்கங்களுக்கு மட்டும் அழகான பிடரி வைத்துவிட்டார்கள். சாவோ ஆண் சிங்கங்கள் பலவற்றுக்குப் பிடரியே கிடையாது.

இதையெல்லாம் பாலத்தில் நின்று கொஞ்சம் சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. எங்கள் ஆட்களுக்குக் கல்லறைகூட இல்லை, வெறும் எண்தான் என்று முடித்தேன். 'எங்கள் ஆட்கள்' என்று எப்போது ஆனார்கள் என்று தெரியவில்லை, பஞ்சாபிக்காரர்களை நான் அதற்குமுன் அப்படிச் சொன்னதில்லை. ஓட்டுநர் தண்ணீர் போத்தலை மூடிக்கொண்டே சொன்னார்: "உங்க ஆளுங்களுக்கு எண்ணாவது இருக்கு."

பேட்டர்சனின் அந்த வரி எனக்கு ஞாபகம் வந்தது. 28 இந்தியர்கள் என்று எழுதிய அதே வாக்கியத்தில், அவர்களோடு எத்தனையோ ஆப்பிரிக்கர்களும் இறந்தார்கள், அவர்களுக்கு அரசாங்கப் பதிவேடு எதுவும் வைக்கப்படவில்லை என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறார். நான் இரண்டு தடவை படித்த புத்தகம். இரண்டு தடவையும் அந்த வாக்கியத்தின் முதல் பாதியில்தான் அடிக்கோடு போட்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஈப்போக்காரன்தான், "சரி, போலாமா, வெயில் மண்டையைப் பொளக்குது" என்றான்.

வோய் ஊரில் முதல் உலகப்போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிப்பது. வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள், வெட்டிவிட்ட புல். காஞ்சனபுரிக்குப் போனவர்களுக்கு உடனே பிடிபடும். அதே கல், அதே எழுத்து. காஞ்சனபுரியில் சயாம் ரயில்பாதையில் இறந்த போர்க் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் உண்டு. அதே பாதையில் அவர்களைவிடப் பல மடங்கு இறந்த நம் தோட்டத்துத் தமிழர்களும் மற்ற ஆசியத் தொழிலாளிகளும் அந்தக் கற்களில் இல்லை. அதுவும் மீட்டர் கேஜ்தான்.

வோய் எப்படிப் போர்முனையானது என்றால், தெற்கே எல்லைக்கு அந்தப் பக்கம் அப்போது ஜெர்மானியர் நாடு, இன்றைய டான்சானியா. அவர்களுடைய முக்கியமான குறியே இந்த ரயில்பாதை. ராத்திரியில் வந்து வெடி வைத்துவிட்டுப் போவார்கள். பிரிட்டிஷார் வோயிலிருந்து மேற்கே இன்னொரு பாதை போட்டு அவர்களை நோக்கிப் போனார்கள். 1916 பிப்ரவரி 12இல் சலாய்ட்டா குன்றில் தென்னாப்பிரிக்க வெள்ளைப் படை அடிபட்டுப் பின்வாங்கியது. அவர்களுக்குப் பக்கபலமாக நின்று காத்தது 130ஆவது பலூச்சி படைப்பிரிவு, இந்தியச் சிப்பாய்கள். அதுவரை அந்தச் சிப்பாய்களைத் தென்னாப்பிரிக்கர்கள் கூலிகள் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுவிட்டு ஓடிய இயந்திரத் துப்பாக்கியைப் பலூச்சிகள் மீட்டு, இனி எங்களைக் கூலி என்று சொல்லாதீர்கள் என்று ஒரு குறிப்போடு திருப்பி அனுப்பினார்களாம். அந்தப் போரைப் பற்றிய நூல்களில் திரும்பத் திரும்ப வரும் கதை. கூலி நம் சொல். வேலைக்குக் கொடுக்கும் காசு என்பதைத் தவிர அதில் எந்த அசிங்கமும் கிடையாது. அது நம் வாயிலிருந்து கிளம்பி, கப்பல் ஏறி, வசவாக மாறி, பலூச்சிக்காரனை இந்தக் காட்டில் வந்து குத்தியிருக்கிறது.

ஓட்டுநர் எப்போதும் வண்டியிலேயே இருந்துவிடுவார். இங்கே எங்களோடு உள்ளே வந்தார். ஒரு வரிசை முழுக்கப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தார். அவருடைய பாட்டியின் அப்பா கிடூய் பக்கத்திலிருந்து சுமைதூக்கியாக இந்தப் போருக்குப் போனவராம். ரயில் இல்லாத இடங்களில் அரிசி மூட்டையையும் தோட்டாப் பெட்டியையும் தலையில் சுமந்து படைக்குப் பின்னால் நடந்தவர்கள் அவர்கள். பல பத்தாயிரம் பேர் திரும்பி வரவில்லை. நைரோபியில் கரியோகோர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அந்தச் சுமைதூக்கிப் படையின் ஆங்கிலப் பெயரான கேரியர் கார்ப்ஸ்தான் அப்படி மருவியிருக்கிறது. 2021இல் போர்க் கல்லறை ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு ஒத்துக்கொண்டது: முதல் உலகப்போரில் இறந்தவர்களில் குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரைக்கும், பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை. அவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும்.

116,000க்கும் 350,000க்கும் இடையில் எவ்வளவு தூரம் பாருங்கள். மகிண்டுவில் என் வயிற்றைப் பிசைந்த சுத்தமான கணக்கு ஞாபகம் வந்தது. இங்கே கணக்கே போடத் தெரியாமல் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் போடவேண்டிய நேரத்தில் யாரும் போடவில்லை.

"அவர் திரும்பி வந்தாரா?" என்று கேட்டேன்.

"வரலை. பாட்டிக்கு அப்ப மூணு வயசு."

பூங்கா வாசலுக்குப் போகும்போது அவர் அந்தக் கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொன்னார். எனக்கு வாயில் நுழையவில்லை. மெதுவாக எழுத்துக்கூட்டி இன்னொரு தடவை சொன்னார். கைபேசியில் குறித்து வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரையில் போடலாமா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

வாசலைத் தாண்டியதும் யானைகள். சாவோவின் மண் செம்மண், அதில் புரண்டு புரண்டு யானைகளும் செங்கல் நிறத்தில்தான் இருக்கும். ஜொகூர்க்காரன் நானூறு படம் எடுத்தான். மறுநாள் விடிகாலையில் சிங்கமும் பார்த்தோம். பிடரி இல்லாத ஆண், சாலையிலிருந்து முப்பது மீட்டரில், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூரத்தில் மொம்பாசா ரயில் போகும் சத்தம் கேட்டது. அதற்கும் அது திரும்பவில்லை.